பதினாறு அடித் தாவாரமும் தொட்டில் கட்டிய விட்டமும்



போன இதழில் பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை மரக்கடைச் சமாச்சாரம். "என்னடி இது, நம்ம பத்திரிகையில் போய் விட்டம், கைமரம் என்று எழுத வந்துவிட்டாள்" என்று சிரிக்காதீர்கள். வீடு கட்டும்போது மரம் வாங்கப் போவது ஆண்கள்தான். ஆனால் அந்த மரத்துக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது யார்? கீரை ஆய்வது, அரிசி புடைப்பது, வடகம் காயவைத்துக் காவல் இருப்பது, பிள்ளைக்கு வீட்டுப் பாடம் சொல்லித் தருவது, கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது எல்லாம் வாசல் தாவாரத்தில்தானே! ஆகவே மரத்தின் அளவு என்ன என்று கேட்க நமக்குத்தான் முதல் உரிமை. எனக்கு அது புரிவதற்குள் பேத்தி தலையில் ஓடு விழப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் மதகடிப்பட்டு. பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை என்றால் சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் தெரியும். சந்தை நாளில் உறவுக்காரர்கள் நாலு பேராவது வந்து தாவாரத்தில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் வீடு சின்னதாக இருந்தாலும் தாவாரம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள்.

எங்கள் வீட்டு முகப்பு பதினாறு அடி. சுவரிலிருந்து வெளியே பத்தடி தள்ளி ஒற்றைச் சாய்ப்பாக ஓடு போட்ட தாவாரம். 2019-இல் மூத்தவளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தபோது பழைய தாவாரத்தைப் பிரித்துப் புதிதாகப் போட்டோம். "நடுவுல தூணே இருக்கக் கூடாது. பந்தி போட்டா நேரா ஓடணும், டிராக்டர் வந்து திரும்பினா இடிக்கக் கூடாது" என்று எங்க வீட்டுக்காரர் ஒரே பிடி. இரண்டு ஓரத்திலும் இரண்டு தூண். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே பதினாறு அடிக்கு ஒரே விட்டம்.

ஆசாரி அப்போதே சொன்னார். "அம்மா, இந்த அகலத்துக்கு மரம் நல்லா உசரமா வேணும். பத்து அங்குலமாவது இருக்கணும்." விலையைக் கேட்டதும் எங்களுக்கு மயக்கம் வந்தது. "தேக்குதானே போடறோம், தேக்குக்கு என்ன கேடு?" என்று நான்தான் சொன்னேன். கடைசியில் நாலுக்கு ஆறு அங்குலத்தில் ஒரு தேக்கு விட்டம் வாங்கினோம். பார்க்க மழமழவென்று அழகாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வாயை அடைத்தது எங்கள் சிக்கனம்தான்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. விட்டத்தின் நடுவயிறு கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் தெரிந்தது. "கண்ணுக்கு அப்படித் தெரியுது" என்றார் அவர். ஓடுகளின் வரிசையும் நடுவில் குழிந்தது. மழைத் தண்ணீர் அந்தக் குழிவில் கூடி, நடு வாசலில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஊற்றும். அதற்குக் கீழே ஒரு அண்டாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம்.

2024-இல் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. தாவாரத்தில் நல்ல காற்று வருமே என்று அந்த விட்டத்தின் நடுவில்தான் தூளி கட்டினோம். நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். பாண்டிச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேலே மழை கொட்டியது. அன்று சாயந்திரமே என் மாமியார், "தாவாரம் முனகுதுடி. கொழந்தையைத் தூக்கிட்டு உள்ள வா" என்றார். "காத்து சத்தம் அத்தை" என்றேன். "காத்து சத்தம் எனக்குத் தெரியாதா? இது மரத்து சத்தம்" என்று அவரே தூளியை அவிழ்த்துக் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்.

விடியற்காலையில் பார்த்தால் தூளி தொங்கிய இடத்தில் ஏழெட்டு ஓடு நொறுங்கிக் கிடந்தது. விட்டம் முறியவில்லை. நன்றாக வளைந்து போனதில் ரீப்பர்கள் விலகி ஓடுகள் நழுவிவிட்டன. மகள் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், "இனிமே மரத்தைப் பத்தி நானும் தெரிஞ்சுக்கணும்" என்று முடிவு செய்தேன்.

அடுப்பங்கரையில் ஒரு பரீட்சை

பொங்கலுக்கு என் தம்பி மகன் வந்திருந்தான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன். "அத்தை, உங்க வீட்ல பசங்க ஸ்கேல் இருக்கா?" என்று கேட்டான். நீங்களும் இப்போதே செய்து பாருங்கள்.

ஒரு அடி பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு டம்ளர் மேல் பாலம் போலப் படுக்கை வாட்டில் வையுங்கள். நடுவில் அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டை வைத்தால் ஸ்கேல் வில்லாக வளையும். அதே ஸ்கேலை ஓரத்தில் நிற்கிற மாதிரி நிமிர்த்தி, சாயாமல் விரலால் பிடித்துக்கொண்டு, அதே பாக்கெட்டை வையுங்கள். கொஞ்சமும் அசையாது. ஸ்கேல் ஒன்றுதான், பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். நிற்கிற உயரம்தான் வேறு. அப்புறம் ஸ்கேலை மறுபடி படுக்க வைத்து, டம்ளர்களைப் பாதித் தூரத்துக்கு நெருக்கிப் பாருங்கள். வளைவு எங்கே போயிற்று என்று தேடுவீர்கள்.

விட்டத்துக்கும் இதே கணக்குத்தான் என்றான் அவன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

விட்டத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் அது இரண்டு மடங்குதான் விறைப்பாகும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு விறைப்பாகும். தூண்களுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நடுவில் ஒரே எடையை வைத்தாலும் வளைவு எட்டு மடங்கு. கூரையில் அதுவும் போதாது. தூரம் கூடினால் அதன் மேல் ஏறும் ஓடும் இரண்டு மடங்காகிறதே. ஆகவே எட்டை இரண்டால் பெருக்க வேண்டும். எட்டடியில் ஒரு நூல் வளைகிற விட்டம் பதினாறு அடியில் பதினாறு நூல், அதாவது முழுசாக இரண்டு அங்குலம் வளையும்!

"தேக்கு போட்டோமே?" என்றேன். "தேக்குங்கறது கறையானுக்கும் மழைக்கும் நல்லது அத்தை. வளையாம இருக்கணும்னா உசரமும் தூரமும்தான் கணக்கு. நாலுக்கு ஆறு தேக்கை விட, ஒசரமா நிக்கிற சாதா மரம் நல்லா தாங்கும்" என்றான்.

இன்னொரு சங்கதியும் சொன்னான். மூன்றுக்கு ஐந்து மரம் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் பத்து அங்குல மரம் ஆகிவிடாது. தனித்தனியாகத்தான் வளையும், விறைப்பு இரண்டு மடங்கோடு சரி. ஒரே மரமாகப் பத்து அங்குலம் இருந்தால்தான் எட்டு மடங்கு. ஆனால் இரண்டரைக்குப் பத்து பலகை இரண்டைப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தி போல்ட்டு போட்டு இறுக்கினால், ஐந்துக்குப் பத்து விட்டத்துக்குச் சமம். பெரிய மரம் கிடைக்காத இடத்தில் இது நல்ல வழி.

எங்கள் தாவாரத்துக் கணக்கு

மங்களூர் ஓடு ரீப்பரோடு சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ என்று பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். எங்கள் தாவாரம் 160 சதுர அடி, அதாவது 15 சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு டன் வருகிறது. 75 கிலோ நெல் மூட்டையில் பதிமூன்று மூட்டை! மழையில் ஓடு தண்ணீர் குடித்தால் இன்னும் நூறு கிலோ வரை கூடலாம். இதில் பாதியைச் சுவர் தாங்கும். மீதிப் பாதியும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரமும் விட்டத்தின் தலையில்.

மரக் கட்டுமானத்துக்கென்று நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணயம் 883 என்று ஒரு விதி நூல் உண்டாம். ஓடு மாதிரி உடையக்கூடிய பொருளைத் தாங்கும் மரம், தன் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது என்பது அதில் உள்ள கணக்கு. பதினாறு அடி என்றால் 192 அங்குலம். 360-ஆல் வகுத்தால் அரை அங்குலத்துக்குச் சற்று மேலே. எங்கள் விட்டத்தின் இரண்டு முனைக்கும் நூல் கட்டி நடுவில் அளந்தோம். இரண்டரை அங்குலம் இறங்கியிருந்தது!

தம்பி மகன் தாளில் கணக்குப் போட்டு மூன்று வழி காட்டினான். எல்லாம் தேக்குக்குப் போட்ட கணக்கு.

முதல் வழி: நடுவில் தூண் இல்லாமல் பதினாறு அடி, மேலே ஓடு. விட்டம் ஐந்துக்குப் பத்து அங்குலம் வேண்டும்.

இரண்டாவது வழி: தூண் இல்லாமல் பதினாறு அடி, ஓட்டுக்குப் பதில் இரும்புத் தகடு. எடை குறைவதால் நாலுக்கு எட்டு போதும்.

மூன்றாவது வழி: நடுவில் ஒரு தூண். எட்டடி, எட்டடி. ஓடே போட்டாலும் மூன்றுக்கு ஆறு போதும்.

இப்போது காசுக் கணக்கு பாருங்கள். மரம் கன அடியில்தான் விலை. அகல அங்குலத்தை உயர அங்குலத்தால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. ஐந்துக்குப் பத்து, பதினாறு அடி என்றால் ஐந்தரைக் கன அடிக்குக் கொஞ்சம் மேலே. மூன்றுக்கு ஆறு, பதினாறு அடி என்றால் இரண்டே கன அடி. ஐந்துக்கு ஐந்து அங்குலத்தில் எட்டடித் தூண் ஒன்று சேர்த்தாலும் மூன்றரைக்குள் அடங்கிவிடும். ஒரு தூணை ஒழிப்பதற்கு இரண்டு கன அடிக்கு மேல் தேக்கு விலை கொடுக்கிறோம் என்று அர்த்தம். உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள், சுருக்கென்று தைக்கும்.

கைமரத்துக்கும் இதே கதைதான். சுவரிலிருந்து விட்டம் வரை பத்தடி ஓடுகிற கைமரம், ஓட்டுக் கூரைக்கு, இரண்டுக்கு ஐந்து அங்குலத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஐந்து அங்குலம் நிற்கிற வாட்டில் போட வேண்டும். இரண்டுக்கு நாலு போட்டால் பத்தடிக்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் கைமரம் இரண்டுக்கு ஐந்தாகவே இருந்தது. ஆசாரி அதிலாவது எங்கள் பேச்சைக் கேட்காமல் விட்டாரே!

எங்கள் கணக்கை உங்கள் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மரம் மாறினால், சாய்ப்பு நீண்டால் அளவும் மாறும். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆசாரியிடமோ இன்ஜினீயரிடமோ கேள்வி கேட்கலாம் அல்லவா?

காற்று தூக்கும், மறக்காதீர்கள்

"அப்போ தகடே போட்டுடலாமே, எடை இல்லையே" என்றார் எங்க வீட்டுக்காரர். எடை இல்லாததுதான் அதில் தொல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டி பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தகட்டுக் கூரை, ரீப்பர் கைமரத்தோடு அப்படியே எழும்பி வயலில் போய் விழுந்தது. மரம் முறியவில்லை. ஆணிதான் பிடுங்கிக்கொண்டது.

நம் கடலோரத்தில் கட்டடத்துக்கு மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார்கள். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கு வரும். மூன்று பக்கமும் திறந்த தாவாரத்தில் காற்று கீழே புகுந்து குடையைத் தூக்குகிற மாதிரி தூக்கும். எங்கள் தாவாரத்துக்கு அது இரண்டு டன்! ஓட்டின் ஒரு டன் எடை கூட அதற்குப் போதாது. ஆகவே மரம் கீழே வளையாமல் இருக்க அளவு; மேலே எழும்பாமல் இருக்கக் கட்டு. இரண்டும் வேண்டும்.

கைமரம் விட்டத்தில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பட்டை வளைத்து அடிக்க வேண்டும். விட்டத்துக்கும் தூணுக்கும் போல்ட்டு நட்டு. தூணின் காலை கான்கிரீட்டில் பதித்த இரும்புச் சட்டத்தில் போல்ட்டு போட்டுப் பிணைக்க வேண்டும். வெறும் ஆணியை நம்பாதீர்கள். இறவாரத்து ஓரம் இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் வரும் தூசி நுரையீரலுக்குப் பெரிய கெடுதல். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

மரக்கடையில் நாம் பார்க்க வேண்டியது

அடுத்த முறை அவர் மரக்கடைக்குப் போனால் நீங்களும் கூடப் போங்கள். கையில் தையல் டேப் இருந்தால் போதும்.

நாலுக்கு ஆறு என்று பில் போட்டதை அளந்து பாருங்கள். அறுத்து இழைத்த பிறகு மூன்றே முக்காலுக்கு ஐந்தரைதான் இருக்கும். அரை அங்குலம்தானே என்று விடாதீர்கள். விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இழைத்த பிறகு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

விட்டத்தின் நடுப்பகுதியில், கீழ்ப்பக்கத்து ஓரத்தில் பெரிய கணு இருந்தால் அந்த மரம் வேண்டாம். எடை ஏறும்போது மரம் அங்கேதான் இழுபடும். அதே காரணத்தால் விட்டத்தின் நடு அடிப்பக்கத்தில் யாரையும் வெட்டவோ காடி எடுக்கவோ விடாதீர்கள்.

மரம் லேசாக வளைந்திருந்தால் கண்ணால் நீளவாட்டில் பார்த்து, முதுகு மேலே இருக்கும்படி போடச் சொல்லுங்கள்.

பச்சை மரம் மலிவு என்று வாங்கினால், எடையோடு காயும்போது வளைந்தபடியே காய்ந்து போகும். உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். வெளிர் நிறத்து வெள்ளைப் பகுதி கறையானுக்குச் சோறு. நடு வைரமே நிற்கும்.

சவுக்கு நம் பக்கத்தில் ஏராளம். பந்தல் காலுக்கு நல்லது. ஆனால் மழையில் நனைந்து மண்ணில் நின்றால் சீக்கிரம் உளுத்துப் போகும். பல வருஷம் நிற்க வேண்டிய விட்டத்துக்கு வேண்டாம். பனை என்றால் வயசான மரமாக, வெளிவைரம் கருத்துத் தடித்து இருக்க வேண்டும். உள்ளே இருப்பது வெறும் சோறு. எங்கள் ஊரில் ஒரு வயல் பாண்டிச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. தமிழ்நாட்டில் 2021 முதல் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஆகையால் பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் பனங்கையை விசாரியுங்கள்.

தூண் மண்ணைத் தொடக்கூடாது. தரைக்கு ஆறு அங்குலம் மேலே கல்லிலோ கான்கிரீட்டிலோ நிற்கட்டும். அடியில் முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் பூசுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

முடிவில் என்ன செய்தோம்?

மூன்றாவது வழிதான் சிக்கனம் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "நடுவுல தூண் வெச்சா நெலவாசலுக்கு நேரா வருது. வாசலுக்கு நேரே தூண் நிக்கக் கூடாது" என்றார். என் மாமியாரும் இதில் மகன் பக்கம். அந்த நம்பிக்கையை விடுங்கள், கதவைத் திறந்தால் மூக்கில் இடிக்கிற இடத்தில் தூண் இருப்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

மகள்தான் வழி சொன்னாள். "நடுவுல ஒண்ணு எதுக்கும்மா? வாசலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வெச்சா என்ன?" ஐந்தடி, ஆறடி, ஐந்தடி! வாசலுக்கு நேரே ஆறடி தாராளமாகத் திறந்திருக்கும். தம்பி மகன் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அத்தை, ஆறடிதான்னா புது விட்டமே வேணாம். பழைய நாலுக்கு ஆறே ஜோரா தாங்கும்."

2025 தை மாதம் நல்ல நாள் பார்த்து ஓட்டை இறக்கினோம். அதே ஆசாரிதான். விட்டத்தைத் தட்டித் தட்டி, வெடிப்பு இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, "இத்தினி வருசம் வயிறு கீழ தொங்குச்சு. இனிமே முதுகைக் காட்டட்டும்" என்று புரட்டிப் போட்டார். நாலுக்கு நாலில் இரண்டு புதுத் தூண், கான்கிரீட் பாதம், இரும்புப் பட்டை, போல்ட்டு. அவ்வளவுதான் செலவு. ஐந்துக்குப் பத்து விட்டம் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் பாதி கூட ஆகவில்லை. ஓடு ஏறிய பிறகு நூல் கட்டிப் பார்த்தோம். நூலும் மரமும் ஒட்டிக்கொண்டு நின்றன.

பந்தி போடத் தூண் இடைஞ்சல் என்றாரே, அவர்தான் இப்போது தினம் சாயந்திரம் புதுத் தூணில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்கிறார். பாண்டிச்சேரியில் வைசியாள் வீதிப் பக்கம் போனால் பாருங்கள். பழைய தமிழ் வீடுகளின் முகப்பில் திண்ணையும், சாய்ப்பும், வரிசையாக மரத்தூண்களும் நிற்கும். பணம் இல்லாமலா அவர்கள் தூண் வைத்தார்கள்? காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்கு குவிந்து கிடந்த காலத்திலேயே முற்றத்தைச் சுற்றித் தூண் தூணாகத்தானே நிறுத்தினார்கள். தூண் வைப்பது கஞ்சத்தனம் இல்லை, கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆனால் சில வீட்டில் தூண் இல்லாமல் முடியாதுதான். வண்டி நிறுத்தணும், நெல் கொட்டணும். அப்போது உயரமான மரத்துக்குக் காசை எடுத்து வையுங்கள். அல்லது இரும்பு விட்டத்தை விசாரியுங்கள். இரண்டும் கெட்டானாக எங்களைப் போல நல்ல மரத்தில் சின்ன அளவு வாங்கி ஏமாறாதீர்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தாவாரத்து விட்டத்தின் இரண்டு முனையிலும் நூல் கட்டி, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஓட்டுக் கூரைக்கு எட்டடியில் கால் அங்குலம், பன்னிரண்டு அடியில் கால் அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் நடுவே, பதினாறு அடியில் அரை அங்குலம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். அதுவரை அதன் கீழே தூளி கட்டாதீர்கள். பெரியவர்கள் ஆடுகிற ஊஞ்சலை எப்போதுமே விட்டத்தின் நடுவில் மாட்ட வேண்டாம். ஆடும்போது ஆளின் எடையைப் போல இரண்டு பங்கு கூட இழுக்கும்.

பேத்திக்கு இப்போது தாவாரத்தில்தான் ஆட்டம் பாட்டம். தூணைப் பிடித்துக்கொண்டுதான் முதல் முதலில் எழுந்து நின்றாள். மாமியார் மட்டும் இன்னமும் மழை வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னா அத்தை, முனகுதா?" என்று கேட்பேன். "ஊம்ஹூம்" என்று தலையாட்டிவிட்டு வெற்றிலையை மடிப்பார்.

உங்கள் வீட்டுத் தாவாரத்தில் நூல் எவ்வளவு இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மழைக்காலத்துக்கு முன் அரிசி, பருப்பை வண்டு அண்டாமல் காப்பது பற்றிப் பேசுவோம்.